தேனீக்களுக்கு விரோதமாக ஒரு மனு

1

தேனீக்களுக்கு விரோதமாக அரசாங்கத்துக்கு மனு எழுதிய மனிதனை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க ஆசையிருந்தால் கண்டிக்கு வாருங்கள். வாவிக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஜவுளிக்கடையின் பின்கட்டில், மூக்குக்கண்ணாடியைக் காதோடு நூலால் கட்டிக்கொண்டு, பிறர் வாங்கிய துணியை முழம் முழமாக எழுதிக்கொண்டிருப்பவன் நான்தான்.

மனு நான்கு பக்கம். ஆங்கிலத்தில். தேனீயைப் பெயர் சொல்லி அழைப்பதுகூட மரியாதைக்குறைவு என்று எண்ணி, இடத்துக்கு இடம் 'மேற்படி ஜந்து' என்று எழுதியிருந்தேன். மேற்படி ஜந்துவை இந்தத் தீவை விட்டே ஒழிக்கும்படி மன்றாடி, 'தங்கள் மிகவும் பணிவுள்ள ஊழியன்' என்று வால் சுழித்துக் கையெழுத்திட்டேன். அத்தனை அழகான கையெழுத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை.

ஊரிலிருந்து காகிதம் எழுதுகிறவர்கள், 'அக்கரையில் சௌக்கியந்தானே, வாத்தியார் வேலை எப்படி, பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள்' என்று கேட்பது வழக்கம். சௌக்கியம் என்று மட்டும் பதில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவேன். இந்த மாதத்தோடு நான் கடல் தாண்டிப் பத்தொன்பது வருஷம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலை என் மகள் கோமதி கொல்லையில் பறித்த பூசணிக்காயைக் கொண்டுவந்து கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்து, "அப்பா, இந்தாங்க வட்டக்கா" என்றாள். பூசணிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். நாலு வருஷத்துக்கு முன்பென்றால் உடனே திருத்தியிருப்பேன். இப்போது வாயைத் திறக்கவில்லை.

"என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்றாள்.

அதற்குப் பதில்தான் இது. அவளுக்குத் தமிழ் வாசிக்க அலுப்பு. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அப்போது நான் கலகெதரைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் வாத்தியார். பள்ளிக்கூடம் என்பது பழைய கோப்பி ஸ்டோரின் ஒரு மூலை. சுவரைத் தட்டினால் காய்ந்த கோப்பித் தோல் உதிரும். இருபத்தாறு பிள்ளைகள். 'அறம்' என்று எழுதச் சொன்னால் அறுபது விதமாக எழுதுவார்கள். ஒருத்தி மட்டும் விலக்கு. வீராயி, பதினோரு வயது. விரலை வைத்துத் தேய்க்காமல் வாசிப்பவள். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஊரிலிருந்து வரும் காகிதங்களையெல்லாம் அவளே வாசித்துச் சொல்வாள். சாவுச் செய்தி வந்தால் முதலில் தானே ஒருமுறை மனசுக்குள் வாசித்துவிட்டு, கேட்பவரை உட்காரச் சொல்லிவிட்டு, அப்புறம் வாசிப்பாள். இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

தோட்டத்துத் துரைக்கு ஒரு நாள் யோசனை பிறந்தது. சீமையிலிருந்து வந்த பத்திரிகையில், பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை கற்பித்தால் புத்தி வளரும் என்று யாரோ எழுதியிருந்தார்களாம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே கோப்பி பட்டுப்போன கால் ஏக்கரைக் காட்டினார். துரையின் தமிழ் முழுக்கக் கட்டளையிட்டே கற்றது. அவர் 'நன்றி' சொன்னாலும் தூக்கிவாரிப் போடும்.

"வாத்தியார்! பிள்ளை மண்ணு வேலை படிக்கும். மூணு மாசம். நான் வந்து பாக்கும். காய் இருக்கு, ஸ்கூல் இருக்கு. காய் இல்லே, ஸ்கூல் இல்லே."

பள்ளிக்கூடம் இல்லையென்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் பெரிய ஆளுக்கு ஒரு பேர் விழும். பிள்ளைக்கு அரைப்பேர். எட்டு வயது தாண்டிய அத்தனை பேரும் விடியற்காலைப் பெரட்டில் போய் வரிசையில் நின்று அரை மனிதர்களாக எண்ணப்படுவார்கள். வீராயியின் தாய் முதலிலேயே வந்துவிட்டாள்.

"இன்னும் எத்தினி நாளைக்குங்க ஐயா அவ எழுத்தப் பாத்துக்கிட்டு இருப்பா? வாசிச்சா வயிறு நெறையுமா?"

"மூன்று மாதம் பொறு. காய் வரும்" என்றேன். வாழ்க்கையில் எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றி நான் கொடுத்த வாக்குகளில் இதுவே மிகப் பெரியது.

3

எனக்குத் தோட்டம் தெரியாது. தாமிரபரணிக்கரையில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் பூசணி தானாக ஏறும், தானாகக் காய்க்கும். நாங்கள் அறுத்துத் தின்போம். யார் காய்க்க வைத்தது என்று யாரும் விசாரித்ததில்லை. அந்தக் கொட்டகை நிழலில் உட்கார்ந்துதான் நான் நிகண்டு நெட்டுருப் போட்டேன். வண்டுக்குப் பெயர்: சுரும்பு, ஞிமிறு, அளி, மதுகரம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். தலைக்கு மேலே பூவில் அதே ஜந்து குடைந்துகொண்டிருக்கும். நிமிர்ந்து பார்க்க நேரமிருந்ததில்லை. நம் பழைய பாட்டுகளில் காதலிகள் வண்டைத் தூது அனுப்புவார்கள். அது உண்மையிலேயே எதையோ சுமந்துகொண்டு போகிறது என்று எனக்கு உரை சொன்ன பண்டிதருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அடித்தாவது சொல்லியிருப்பார்.

ஆகவே தெரிந்ததைச் செய்தேன். கோப்பி நடுகிற மாதிரியே கயிறு பிடித்து, குச்சி அடித்து, பூசணி விதையை வரிசையாக ஊன்றினேன். காலையில் பிள்ளைகளை நிறுத்திப் பெரட்டு எடுத்தேன்.

வீராயி கையைத் தூக்கினாள். "ஐயா, பூசணி வரிசையில நிக்காதுங்க. அது ஓடும்."

"ஓடினால் பிடித்துக் கட்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பூசணி ஓடியது. கட்டினோம். மறுபடியும் ஓடியது. ஆறாம் வாரத்தில் கொடியெல்லாம் மஞ்சள் பூ. அவ்வளவு பூவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

4

கோப்பியில் அப்போது இலைநோய் முற்றியிருந்தது. இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சளாக மாவு அப்பியிருக்கும். விரலில் ஒட்டும். பிறகு இலை உதிரும், பிறகு மரம் விறகாகும். அது எங்கிருந்து வருகிறது என்று துரைமார் ஆளுக்கொன்று சொன்னார்கள். காற்று என்றார் ஒருவர், மழை என்றார் ஒருவர். எங்கள் துரை, சாயங்காலமானால், பக்கத்துத் தோட்டம் என்பார்.

ஒரு காலை பூசணிப் பூவிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. காலிரண்டிலும் பொதி. செம்மஞ்சள் மாவு. அது நேராகப் பறந்துபோய் ஒரு கோப்பிச் செடியில் உட்கார்ந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தனை துரைமாரும் தேடிக்கொண்டிருந்த திருடனை, பாளையங்கோட்டையில் படித்த ஒருவன் கையும் மாவுமாகப் பிடித்துவிட்டான்! அன்று ராப்பகலாக மனு எழுதினேன். துரை வாசித்து, என் முதுகில் தட்டி, கையெழுத்தைப் புகழ்ந்து, பதிலுக்குக்கூடக் காத்திராமல் தேனீயை அடிக்க உத்தரவு போட்டார்.

மனு கண்டிக்குப் போனது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. தேனீ எந்த இலாகாவைச் சேர்ந்தது என்று மனுதாரர் குறிப்பிடவில்லையாம். காட்டு யானையா, பயிரா, வருமானமா என்று தெளிவுபடுத்தினால் மேற்கொண்டு பரிசீலிக்கப்படுமாம். தெளிவுபடுத்தினேன், மூன்றும் என்று. அதற்குப் பிறகு அது செடிகொடிகளை ஆராயும் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு வரி.

அதற்குள் நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம். பாறையடியில் தொங்கிய மலைத்தேனீக் கூடுகளைத் தலைக்கங்காணி முத்துக்கருப்பன் ஆட்களோடு போய் மானாப்புல் பந்தம் கொளுத்திக் கலைத்தார். முகம் பூசணி மாதிரி வீங்கி வந்தார். பிள்ளைகள் பங்குக்குத் தோட்டத்துப் பூவில் வந்து உட்காரும் தேனீக்கள். ஆளுக்கொரு கோப்பிக் கிளை, ஆளுக்கொரு சிரட்டை. சிரட்டையில் விழுந்த ஜந்துவை நான் காலையில் பெரட்டுக்கு எண்ணுவேன். தேனீயடிக்கும் பிள்ளைக்குத் துரை அன்றைக்கு மட்டும் முழுப்பேர் கொடுத்தார். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையே இல்லை. என் ஆயுளில் அப்படி ஒரு வருகைப் பதிவேட்டை நான் கண்டதில்லை.

கோமதிக்கு அப்போது ஒன்பது வயது. கீழே சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடையில் விளையாடி, பாதி பேச்சு அவர்களுடையதாகி வந்தது. அவள் மட்டும் கிளையை எடுக்கவில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் என்னிடம் வந்து நின்றாள்.

"அனே அப்பா, மீமெஸ்ஸாவ அடிக்காதீங்க. அத அடிச்சா வட்டக்கா காய்க்காதாம். கீழ ஊரு மெனிக்கேட அம்மா சொன்னாங்க."

"'தேனீ' என்று சொல். 'பூசணி' என்று சொல்."

"தேனீய அடிச்சா பூசணி காய்க்காதாம்."

"'காய்க்காதாம்' அல்ல. யாரோ சொன்னதைச் சொல்லாதே. உச்சரிப்பு இப்போது சரி. போய் உட்கார்."

சொல்லைத் திருத்தினேன். சொன்னதைக் கேட்கவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் மேலே இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

5

பூ பூத்தது. வாடியது. சில பூக்களின் கழுத்தில் கோலிக்குண்டளவு பிஞ்சு இருந்தது. பூ வாடிய இரண்டாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி, மூன்றாம் நாள் தொட்டவுடன் கையோடு வந்தது. தண்ணீர் போதவில்லை என்று தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினோம். சாணி போட்டோம். நான் ஒருநாள் யாரும் பார்க்காதபோது கொடிக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

வீராயி விழுந்த பிஞ்சையெல்லாம் ஒரு கூடையில் பொறுக்கி வைத்திருந்தாள்.

"எதுக்கு இதைச் சேர்க்கிறாய்?"

"நீங்க எண்ணுவீங்கன்னு நெனச்சேங்க. தேனி எண்ணினீங்கல்ல."

அவள் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது.

விதை ஊன்றி ஒன்பது வாரம் தாண்டியதும் பேராதனையிலிருந்து காகிதம் வந்தது. மிக மரியாதையான காகிதம். பூந்தோட்டத்து ஐயா எனக்குப் புரியவேண்டும் என்று சின்னதாகப் படமே போட்டிருந்தார். தேனீயின் காலில் இருப்பது பூவின் தாது. கோப்பி இலையின் மாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பூசணியில் தாதுள்ள பூ வேறு, பிஞ்சுள்ள பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தேனீ. சேராவிட்டால் பிஞ்சு விழும். கடைசியில் ஒரு வரி: 'தங்கள் பகுதியில் தேனீக்கள் ஏதேனும் காரணத்தால் இல்லாதிருந்தால், இவ்வேலையை மெல்லிய தூரிகை கொண்டு கையாலும் செய்யலாம்.'

ஏதேனும் காரணத்தால்! காரணம் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தது.

6

மறுநாள் வெயில் ஏறுமுன் பிள்ளைகளைக் கூட்டினேன். பெரட்டு எடுக்கவில்லை. நான் சொன்னது தப்பு, செய்யச் சொன்னது தப்பு, கோமதி சொன்னதே சரி என்று சொன்னேன். ஒரு வாத்தியார் தன்மேல் தப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் கேட்டதில்லை. சின்னவன் ஒருவன் பயந்து அழுதான். கோமதி என்னைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரிகைக்கு எங்கே போவது? வீராயி கங்காணி வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டு போய் ஒரு கை இறகோடு வந்தாள். கோழி ஒருபக்கம் கத்த, கங்காணியின் மனைவி ஒருபக்கம் கத்தினாள்.

"இதோ, இந்தப் பூவில் தண்டு மட்டும் இருக்கிறது. இறகால் தொடு. மாவு ஒட்டுகிறதா? இப்போது பிஞ்சுள்ள பூவைத் தேடு. உள்ளே ஈரமாக மூன்று மேடு இருக்கும். அதில் தடவு. மெதுவாக. அது பூ, பாத்திரம் தேய்க்கவில்லை."

"ஐயா, நாமதான் இப்ப தேனியா?"

"ஆமாம்."

"அப்ப ராகம் போடணுமா?"

இருபத்தாறு பிள்ளைகளும் உம்ம்ம் என்று முனகிக்கொண்டு கொடிக்கிடையில் குனிந்து குனிந்து போனார்கள். பத்து நாள், காலைதோறும். எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எது வாடும், மழை பட்ட மாவு எப்படிக் கட்டியாகும் என்று அவர்கள் எனக்குச் சொல்லும்படியாயிற்று. கல்லிடுக்கிலிருந்து ஒரே ஒரு சின்னத் தேனீ வந்தது ஒருநாள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீராயி தன் இறகைப் பின்னால் மறைத்துக்கொண்டு வழிவிட்டாள், பெரிய மனுஷருக்கு விடுவதுபோல. பத்தொன்பது வருஷத்தில் நான் பாடம் நடத்தியது அந்தப் பத்து நாள்தான். அதற்கு முன்பும் பின்பும் சம்பளம் வாங்கினேன்.

பிஞ்சு நின்றது. ஏழு காய்.

7

சொன்ன நாளுக்குத் துரை வந்தார். குதிரையிலிருந்து இறங்கி, ஏழு காயையும் கைத்தடியால் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

"காய் இருக்கு" என்றார்.

"இருக்குங்க துரை. ஸ்கூல்?"

அவர் மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று மாதமாகப் பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தேன். மேலிருந்து ஓடை வரைக்கும் ஓர் இலை கிடையாது. வெறும் குச்சி.

"வாத்தியார், எஸ்டேட் இல்லே" என்றார். தோட்டத்தைக் கைவிடச் சொல்லிக் கொழும்பிலிருந்து காகிதம் வந்துவிட்டதாம். அதையும் கட்டளை மாதிரித்தான் சொன்னார். அவருக்கு வேறு தமிழ் தெரியாது. ஆனால் குதிரையில் ஏற இரண்டு தரம் முயன்றார்.

அரைப்பேருக்குப் போக வேண்டும் என்று பயந்த பிள்ளைகளுக்கு அரைப்பேரும் இல்லை. மறுவாரம் பெரட்டுச் சங்கு ஊதவில்லை. ஆட்கள் மூட்டை கட்டினார்கள். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, அப்புறம் காடு, அப்புறம் மன்னார்த் தோணித்துறை. வந்த வழியே நடை. ஏழு காயையும் பறித்துப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்றை வீராயி தலையில் வைத்திருந்தாள்.

சிலேட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். சிலேட்டைத் துடைத்திருந்தாள். அதில் கடைசியாக என்ன எழுதியிருந்தாள் என்று பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"எறகையும் குடுக்கணுமாங்க ஐயா?"

"இறகு தோட்டத்துக் கணக்கில் இல்லை. வைத்துக்கொள்."

"நம்ம ஊர்ல தேனி இருக்குங்களா?"

அவள் நம்ம ஊரைப் பார்த்ததில்லை. லயத்தில் பிறந்தவள். நான் பார்த்தவன், அந்தக் கொட்டகை நிழலில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன். இருக்கும் என்றேன். நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று, அவள் வளைவு திரும்பும் வரை நினைத்துக்கொண்டு நின்றேன்.

8

கோமதிக்கு இப்போது பதின்மூன்று. கண்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் சிங்களம், என்னிடம் அலுப்பு. என்னைத் தவிர எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறாள். கொல்லையில் அவள் வைத்த கொடிக்கு வேலி இல்லை, வரிசை இல்லை. தேனீ வருகிறது, போகிறது. நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். கிட்டே போனால், "அப்பா, அதத் தொடாதீங்க" என்கிறாள். எதைச் சொல்கிறாள், பூவையா தேனீயையா என்று நான் கேட்பதில்லை. இரண்டுக்கும் அவளிடம் நியாயம் இருக்கிறது.

போன வாரம் கடை வாசலில் முத்துக்கருப்பன் கங்காணி நின்றார். நரைத்திருந்தார். கோப்பி போய் இப்போது தேயிலையாம். புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உட்காரவைத்து வெற்றிலை கொடுத்து, வீராயியைக் கேட்டேன்.

"எந்த வீராயி? நம்ம கூட்டத்துல மூணு வீராயி."

"காகிதம் வாசிக்குமே, அந்தப் பிள்ளை."

"அட, அதா. பூசணிய அதுதான் சொமந்துச்சு. மாத்தளை தாண்டி வெட்டினோம். உள்ள வெதையே முத்தலைங்க, வெறும் நாரு." வெற்றிலையை மடித்தார். "தம்புள்ளைக்கு அப்பால காய்ச்சல் வந்து கூட்டம் செதறிப்போச்சு. அதுக்கப்புறம் நான் பாக்கல."

நான் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்று, அதுவரை எழுதி வைத்திருந்ததையெல்லாம் அவருக்கு வாய்விட்டு வாசித்தேன். மனு, மாவு, தாது, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுல என்னங்க வாத்தியாரே இருக்கு? தேனி பூவுக்குப் போனாத்தான் காய் புடிக்கும். அது எங்க எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியுமா? பாறைக்குப் பந்தம் கொண்டுபோனது நீங்கள்தானே! அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

அவர் எழுந்து, வேட்டியை உதறி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"தேனி அடிச்சதுக்கு முழுப்பேர் போட்டீங்க. வேணாம்னு சொன்னா எந்தப் பேருங்க போட்டிருப்பீங்க?"